தேசப்படத்தின் பின்னுள்ள அட்டவணை

தேசப்படம் என்றதும் பலரது மனக்கண்ணில் முதலில் தோன்றுவன கோடுகளும் நிறங்களுமே. நதி நீலமாகவும், காடு பச்சையாகவும், வீதி சிவப்பாகவும் அங்கே தீட்டப்பட்டிருக்கும். கணினியில் ஆக்கப்படும் தேசப்படத்துக்கோ இன்னுமோர் உறுப்பு உண்டு. படத்தின் பின்னே ஓர் அட்டவணை மறைந்து நிற்கின்றது. படத்திலே ஒரு வீடு சிறு புள்ளியாகத் தோன்றுமாயின், அட்டவணையிலே அவ்வீட்டுக்கென ஒரு நிரை உண்டு. கிடையாகச் செல்லும் அந்நிரையிலே வீட்டின் இலக்கம், வீதியின் பெயர், குடியிருப்போர் தொகை, நிலத்தின் உயரம், குடிநீர் கிடைக்கும் வழி ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகப் பதியப்பட்டிருக்கும். ஒரே வகையான செய்தி மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டு நிற்பது நிரல் எனப்படும். ஆயிரம் வீடுகள் இருப்பின் ஆயிரம் நிரைகள்; ஒவ்வொரு நிரையும் ஒரு பதிவு. புவியியல் தரவு அட்டவணை என்று அறிஞர் கூறுவது இதனையே.

இத்தகைய அட்டவணை முழுவதும் ஒருங்கே எவருக்கும் பயன்படுவதில்லை. நெல்லைக் குவித்து வைத்தால் மட்டும் சோறாகிவிடாது. சுளகிலிட்டுப் புடைத்தெடுத்தல் வேண்டும். அவ்வாறே அட்டவணையிலிருந்தும் வேண்டிய பதிவுகளைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஆற்றங்கரையில் தாழ்நிலத்தில் உள்ள வீடுகள் யாவை? கிணற்று நீரையே நம்பியிருக்கும் குடும்பங்கள் எத்தனை? இவை போன்ற வினாக்களுக்கு விடை காண்பதற்கு, ஒரு நிபந்தனையை வகுத்து, அதற்கு இசையும் நிரைகளை மட்டும் பிரித்தெடுக்கின்றனர். நிபந்தனையைக் கணினிக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுப்பதே கட்டளைத்தொடர் ஆகும். கணினி அதனைப் படித்து, நிரை நிரையாக அட்டவணையைச் சோதித்து, இசைந்தவற்றைத் தேசப்படத்திலே ஒளிரச் செய்கின்றது.

கணினி தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே இவ்வேலையை மனிதர் கையால் செய்திருக்கின்றனர். அவற்றுள் மிகச் சிறந்ததொன்று 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நிகழ்ந்தது. அவ்வாண்டில் வாந்திபேதி அந்நகரை வாட்டியது. நஞ்சடைந்த காற்றே நோய்க்குக் காரணம் எனப் பெரும்பாலோர் நம்பியிருந்த காலம் அது. ஜோன் சினோ என்னும் வைத்தியர் குடிநீரின் வழியாகவே நோய் பரவுகின்றது எனக் கருதினார். தென் இலண்டனில் இரு கம்பனிகள் குடிநீர் வழங்கி வந்தன. சதர்க்-வொக்சோல் கம்பனி, நகரத்துக் கழிவுகள் கலந்த தேம்சு நதியின் நீரைப் பற்றர்சியில் எடுத்தது. லாம்பெத் கம்பனியோ 1852ஆம் ஆண்டில், கழிவு கலவாத மேற்பகுதிக்குத் தன் நீரெடுக்கும் இடத்தை மாற்றிவிட்டது. பல தெருக்களில் இரு கம்பனிகளின் குழாய்களும் அடுத்தடுத்துச் சென்றன. ஒரு வீட்டுக்கு ஒரு கம்பனி, அயல் வீட்டுக்கு மற்றக் கம்பனி என்ற நிலை அங்கே இருந்தது. காற்று இரு வீட்டாருக்கும் ஒன்றே; தெருவும் ஒன்றே; நீர் மட்டுமே வேறு.

சினோவின் கையிலே இறந்தோரின் பெயரும் முகவரியும் அடங்கிய அட்டவணை இருந்தது. ஆனால் இன்றியமையாத நிரல் ஒன்று அதிலே இல்லை. எவ்வீட்டுக்கு எக்கம்பனி நீர் வழங்கியது என்னும் செய்தி அங்கே பதியப்படவில்லை. அந்நிரல் இன்றி எந்நிபந்தனையும் பயன்தராது. ஆகவே அவர் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். வாடகைக்குக் குடியிருந்தோர் பலர் தம் வீட்டுக்கு நீர் வழங்கும் கம்பனியின் பெயரை அறியார். வரியைச் செலுத்தியவர் வீட்டுச் சொந்தக்காரர். அத்தகைய வீடுகளில் சினோ நீரையே சோதித்தார். நீரிலே வெள்ளி நைத்திரேற்றைச் சேர்க்கும்போது தோன்றும் வெண்ணிற வீழ்படிவு, அந்நீரிலுள்ள உப்பின் அளவைப் புலப்படுத்தும். சதர்க்-வொக்சோல் நீரிலே உப்பு, லாம்பெத் நீரிலும் பார்க்க ஏறத்தாழ 40 மடங்கு இருந்தது. மனிதர் விடை கூற இயலாத இடத்தில் நீரே விடை கூறிற்று.

முதல் நான்கு வாரங்களில் இறந்தோர் 334 பேர். அவர்களுள் 286 பேர் சதர்க்-வொக்சோல் நீரைப் பெற்ற வீடுகளைச் சேர்ந்தோர். 14 பேர் லாம்பெத் நீரைப் பெற்ற வீடுகளைச் சேர்ந்தோர். 22 பேருக்கு நதியில் வாளியால் நேரே மொண்ட நீர் கிடைத்தது. 4 பேருக்குக் கிணற்று நீர். 4 பேருக்குக் கால்வாய் நீர். எஞ்சிய 4 பேர் எந்நீரை அருந்தினர் என்பது தெரியவில்லை. அந்நால்வரையும் சினோ மறைத்துவிடவில்லை; தெரியவில்லை என்றே எழுதி வைத்தார். ஆறு தொகைகளையும் கூட்டினால் 334 என்பது பிசகாது வரும். பின்னர் ஏழு வாரக் கணக்கும் முற்றுப்பெற்றது. சதர்க்-வொக்சோல் நீரைப் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 மரணங்களும், லாம்பெத் நீரைப் பெற்ற 26,107 வீடுகளில் 98 மரணங்களும் நிகழ்ந்திருந்தன. பத்தாயிரம் வீடுகளுக்கு முறையே 315, 37 என அமைந்த அத்தொகைகள் குடிநீரின் குற்றத்தை வெளிப்படுத்தின.

சினோ கையால் செய்த பணியைப் பொறி செய்யும் காலம் அடுத்த நூற்றாண்டிலே வந்தது. 1960களில் றோஜர் தொம்லின்சன் என்னும் புவியியலறிஞர், கனடா நாட்டின் நிலவளத்தை மதிப்பிடும் பெருமுயற்சிக்குக் கணினியைத் துணைக்கொண்டார். தேசப்படத்தையும் அதனைச் சார்ந்த அட்டவணையையும் பொறியினுள்ளே பிணைத்து வைக்கும் முறை அங்கே உருவாயிற்று. 1970ஆம் ஆண்டில் எட்கார் கொட் என்பார் அட்டவணைகளைக் கணித நெறிப்படி கையாளும் கோட்பாட்டை வெளியிட்டார். அதனைத் தழுவி 1974ஆம் ஆண்டில் தொனால்ட் சேம்பர்லின், றேமன்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் ஒரு வினவல் மொழியை அமைத்தனர். இன்று எஸ்.கியூ.எல். என வழங்கும் மொழி அதன் வழிவந்ததே. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த பைதன் என்னும் மொழியும் தேசப்படப் பணிகளில் இப்போது பெரிதும் பயன்படுகின்றது.

இம்மொழிகளில் எழுதப்படும் நிபந்தனை பார்வைக்கு மிக எளிது. ஒரு நிரலின் பெயர், ஓர் ஒப்பீடு, ஒரு பெறுமானம் என்னும் மூன்றே அதன் உறுப்புக்கள். உயரம் என்னும் நிரலிலுள்ள எண் மூன்று மீற்றரிலும் குறைவாயின் தெரிந்தெடுக்க என்பது ஒரு நிபந்தனை. இரண்டு நிபந்தனைகளைப் பிணைப்பதற்கு ‘உம்’, ‘அல்லது’ என்னும் பொருள்தரும் சொற்கள் உண்டு. இங்கே விழிப்பு வேண்டும். மாவட்டம் கண்டி அல்லது மாத்தளை, அதனுடன் கட்டடம் பாடசாலையாகவும் இருத்தல் வேண்டும் என ஒருவர் எண்ணுவதாகக் கொள்வோம். அடைப்புக்குறி இடாது எழுதினால், எஸ்.கியூ.எல். மொழி ‘உம்’ என்பதை முதலிலே பிணைக்கும். அதன் பயனாக மாத்தளையிற் பாடசாலைகள் மட்டும் வரும். கண்டியிலோ பாடசாலை, கடை, கோயில், குடியிருப்பு யாவும் வந்து சேரும். கணினி மனிதனின் கருத்தை அறியாது. எழுத்தை மட்டுமே அறியும்.

வேண்டாதவை மிகுதியாக வந்து சேரும் பிழை எளிதிற் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வரவேண்டியவை வராது போவதே கொடிய பிழை. வந்தவை பட்டியலில் நின்று தம்மைக் காட்டுகின்றன. வராதவை ஓசையின்றி ஒழிந்துபோகின்றன. இதற்கு முதற் காரணம் வெற்றிடம். அளக்கப்படாத உயரத்துக்கு உரிய கட்டம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். வெற்றிடம் வேறு, பூச்சியம் வேறு. பூச்சியம் என்பது அளந்து கண்ட எண். வெற்றிடம் என்பது ஒன்றும் தெரியாது என்னும் கூற்று. உயரம் மூன்று மீற்றரிலும் குறைவோ என வினவினால், வெற்றிடத்துக்கு ஆம் என்ற விடையும் இல்லை, அன்று என்ற விடையும் இல்லை. எஸ்.கியூ.எல். மொழியிலே உண்மை, பொய் என்னும் இரண்டுக்கும் அப்பால் ‘அறியப்படாதது’ என மூன்றாவது நிலையொன்று உண்டு. உண்மை என விடை வந்த நிரை மட்டுமே தெரிந்தெடுக்கப்படும்.

கற்பனையாக ஓர் ஊரைக் கொள்வோம். அவ்வூரில் 1,000 வீடுகள். வெள்ளம் வரும் என்னும் எச்சரிக்கை கிடைத்ததும், மூன்று மீற்றருக்குத் தாழ்ந்த வீடுகளின் பட்டியல் கோரப்படுகின்றது. கணினி 620 வீடுகளைத் தருகின்றது. தாழ்வற்ற வீடுகளின் பட்டியலும் கோரப்படுகின்றது. 330 வீடுகள் வருகின்றன. இரண்டையும் கூட்டினால் 950. எஞ்சிய 50 வீடுகள் எங்கே? அவை ஒரு பட்டியலிலும் இல்லை. பெரும்பாலும் அளவையாளர் செல்வதற்கு அரிய இடங்களிலேயே இத்தகைய வீடுகள் இருத்தல் கூடும். சதுப்பு நிலத்தின் நடுவே, ஒற்றையடிப் பாதையின் முடிவிலே, புதிதாகக் குடியேறியோர் வாழும் மனைகளாக அவை இருக்கலாம். ஆபத்து மிகுந்த இடமே அட்டவணையில் வெறுமையாக நிற்றல் அரிதன்று. வண்டிகள் பட்டியலின்படியே செல்லுமாயின், அவ்வீடுகளின் வாயிலில் ஒருவரும் நில்லார். வெற்றிடம் உள்ள நிரைகளைத் தனியே தெரிந்தெடுக்க என்று மூன்றாவது கட்டளை எழுதினால் மட்டுமே அவ்வைம்பதும் வெளிப்படும்.

வெற்றிடத்தை வேறோர் எண்ணால் நிரப்பி வைத்தாலும் தீங்கு நீங்காது. அளக்கப்படாத இடத்துக்கு -9999 என எழுதும் வழக்கமொன்று உண்டு. சில பழைய கோப்பு வகைகளிலே வெற்றிடம் பூச்சியமாகவே மாறிவிடும். அப்போது மலையுச்சியிலுள்ள வீடும் கடலின் அடியில் இருப்பதாகக் கணினி கொள்ளும். ஆதலின் ஓர் அட்டவணையை வினவுதற்கு முன், அதனை ஆக்கியோர் தெரியாமையை எவ்வாறு குறித்தனர் என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

இரண்டாவது காரணம் பெயர்களிலே உள்ளது. தமிழிற் பதியப்பட்ட அட்டவணைகளுக்கு இது தனிச் சிறப்பான இடர். கொழும்பு என்னும் சொல்லின் முதலெழுத்தைக் கணினியிலே இரு வகையாகப் பதியலாம். மெய்யுடன் ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்த்துப் பதிவது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டுப் பதிவது மற்றொரு வகை. திரையிலே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னதாகவே இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணராவிடில், ஒன்றைக் கொண்டு தேடும்போது மற்றையது அகப்படாது போதல் கூடும். இன்னும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலே தட்டச்சுச் செய்யப்பட்ட பெயர்கள் திரையிலே தமிழாகத் தோன்றினும், உள்ளே ஆங்கில எழுத்துக்களாகவே சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியில் எழுதப்பட்ட ஊர்ப்பெயரைக் கொண்டு அவற்றைத் தேடினால் ஓர் ஊரும் கிட்டாது. ஊர் அங்கேதான் இருக்கின்றது. மக்களும் அங்கேதான் வாழ்கின்றனர். கட்டளைத்தொடருக்கு மட்டும் அது தெரிவதில்லை.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, கையாலேயே தெரிந்தெடுத்தல் நன்று என ஒருவர் கூறக்கூடும். அது பொருந்தாது. பல்லாயிரம் நிரைகளைக் கண்ணாற் பார்த்துத் தெரிபவர் களைப்படைவார், களைத்தவர் தவறுவார், எங்கே தவறினார் என்பதற்குச் சான்றும் இராது. எழுதப்பட்ட கட்டளைத்தொடரோ நிலைத்து நிற்கும் சாட்சி. எந்நிபந்தனையின்படி இவ்வீடுகள் தெரிந்தெடுக்கப்பட்டன, அயல் வீடு ஏன் விடப்பட்டது என எவரேனும் வினவினால், அதனை எடுத்துக் காட்டலாம். பிறர் அதனைப் படித்துத் திருத்தலாம். அடுத்த ஆண்டில் புதிய அட்டவணை கிடைத்ததும் மீண்டும் அதனையே செலுத்தலாம். ஆனால் அதனுள்ளே ஒரு பிழை இருக்குமாயின், அதுவும் ஆண்டுதோறும் தவறாது திரும்பி வரும்.

ஆகவே இத்துறையிற் பழகியோர் கைக்கொள்ளும் ஒழுங்கு ஒன்று உண்டு. தெரிந்தெடுத்தவை எத்தனை, விலக்கியவை எத்தனை, வெற்றிடமாய் நின்றவை எத்தனை என மூன்றையும் எண்ணுகின்றனர். மூன்றின் கூட்டுத்தொகை அட்டவணையின் மொத்த நிரைகளுக்குச் சமனாதல் வேண்டும். சமனாகாவிடில் பட்டியலை வெளியிடுவதில்லை. இவ்வெண்ணிக்கையைக் கட்டளைத்தொடரின் இறுதியிலேயே எழுதி வைத்தால், ஒவ்வொரு முறையும் கணினியே அதனைச் சரிபார்த்துக் கூறும். இதற்குப் பெருங்கணிதம் வேண்டியதில்லை; கூட்டல் போதும்.

வெள்ளம் சூழும் ஊரின் அதிகாரிக்குத் தேவையானவை இரண்டு பட்டியல்கள் அல்ல, மூன்று. முதலாவது, உடனே வெளியேற வேண்டியோரின் பட்டியல். இரண்டாவது, தத்தம் வீட்டிலேயே இருக்கக்கூடியோரின் பட்டியல். மூன்றாவது, இன்னும் ஒன்றும் அறியப்படாதோரின் பட்டியல். அம்மூன்றாவது பட்டியலிலுள்ள வீடுகளுக்கு, மழை வலுக்கும் முன்னர், அளவுகோலுடன் ஓர் ஆள் நடந்து செல்லுதல் வேண்டும்.