மூவரா, எழுவரா?



பத்தாம் ஆண்டு நிறைவுநாளில் அரக்கரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள்க. ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் புனைந்த தொன்மவுலகில் 'பால்ராக்' என்னும் தீயரக்கர் உண்டு. எரிசாட்டை ஏந்தியவர்கள்.

1916-17இல் அவர் எழுதிய 'கோண்டோலின் வீழ்ச்சி'யில் இவ்வரக்கர் நூற்றுக்கணக்கில் நகரைத் தாக்குகின்றனர். துவோர் என்னும் மானிட வீரனின் கோடரிக்கு ஐவர், எக்தேலியனின் வாளுக்கு மூவர் என மடிகின்றனர். பரணியின் பேய்க்கூட்டத்தைப் போலத்தான். கூட்டமாக வருபவரிடம் நமக்கு அச்சம் எழுவதில்லை.

1954இல் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதற்பகுதியில், மோரியாவின் இருளில், ஒரே ஒரு பால்ராக் வருகிறது. அதைக் கண்டதும் லெகோலாஸ் ஓலமிடுகிறான். கிம்லி கோடரியை நழுவவிட்டு முகத்தை மூடிக்கொள்கிறான். குள்ளர்களின் பேரரசு ஒன்றை முன்பே பாழாக்கியது அது. பாதாளத்தில் தொடங்கி மலைமுடிவரை அதனோடு பொருத காண்டால்ஃப், அதை வீழ்த்தித் தாமும் மடிகிறார்.

ஏன் இந்த மாற்றம்? முதலில் இவ்வரக்கர் தீமையின் தலைவன் படைத்த உயிர்கள். பின்னரோ, உலகுக்கு முன்பே தோன்றி அவன்பால் திரிந்த ஆவிகள். காண்டால்ஃபும் அதே இனத்தவர். அத்தகையோர் ஆயிரவர் இருந்தால் உலகம் முதல் நாளே அழிந்திருக்கும்! இதை உணர்ந்தார் போலும். பிற்காலப் படி ஒன்றின் ஓரத்தில், எக்காலத்தும் இருந்தவர் மூவர், மிஞ்சினால் எழுவர் எனக் குறித்துவைத்தார்.

மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளியிட்ட 'சில்மரில்லியன்' நூலில் இவ்வெண் இல்லை. இறுதிப் போரில் பால்ராக்குகள் அழிந்தனர், சிலர் மட்டும் தப்பினர் என்றே அது கூறும். படிப்பவர் மனத்தில் பழைய பெருங்கூட்டமே நிற்கும். ஓரக்குறிப்பை அவர் அச்சேற்றியது 1993இல். அச்சான நூலை நம்புவதா, ஓரத்தை நம்புவதா என்று வாசகர் வழக்காடுகின்றனர். என் வாக்கு ஓரத்திற்கே. மோரியாவின் அச்சத்திற்குப் பொருந்துவது அந்தச் சிற்றெண்தான்.

ஆயினும் ஒரு குறை. கோண்டோலின் கதையை 1951 அளவில் அவர் புதிதாக எழுதத் தொடங்கினார். துவோர் நகரை வந்தடையும் இடத்தில் எழுதுகோல் நின்றுவிட்டது. அதன்பின் 1973இல் மறையும்வரை அவர் அதைத் தொடரவில்லை. எழுவரே உள்ள உலகில் அம்மாநகர் எப்படி வீழ்ந்திருக்கும், துவோரின் கோடரி ஒருவரையேனும் சாய்த்திருக்குமா? அந்தப் பக்கங்கள் நமக்குக் கிடைக்கவில்லை.