டப்பாவில் உள்ள எண்ணைப் படியுங்கள்



கோலார் தங்கவயலில் கூண்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். தொழிலாளர்கள் கூண்டில்தான் இறங்கினார்கள். மணி அடிப்பவர் மணி அடிப்பார். என்ஜின் ஓட்டுபவர் அதைக் கேட்டுக் கூண்டை இறக்குவார். கூண்டு சரியான மட்டத்தில் நிற்க வேண்டும். மேலே நின்றாலும் ஆபத்து. கீழே போனாலும் ஆபத்து.

2001-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் கூண்டு சொன்ன பாடம் இன்றும் உதவும். தைராய்டு மாத்திரைக்கும் அதே பாடம்தான். குறைந்தாலும் கெடுதல். கூடினாலும் கெடுதல்.

தைராய்டு என்பது என்ன? அது கழுத்தின் முன்பக்கம் உள்ள சிறிய சுரப்பி. அதில் ஊறும் தைராக்ஸின் ரத்தத்தில் கலக்கிறது. உடல் வேலை செய்யும் வேகத்தை அதுதான் நடத்துகிறது. அது குறைந்தால் உடல் மந்தமாகும். சோர்வு வரும். எடை கூடும். குளிர் தாங்காது. மலச்சிக்கல் வரும். முடி கொட்டும். மாதவிலக்கு மாறும்.

இது அபூர்வ நோய் அல்ல. பெங்களூர், சென்னை உட்பட 8 நகரங்களில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2013-ல் வெளிவந்தது. பெரியவர்களில் 100 பேருக்கு சுமார் 11 பேரிடம் இந்தக் குறை இருந்தது.

குறையை எப்படிக் கண்டுபிடிப்பது? மூளையின் அடியில் இன்னொரு சுரப்பி உண்டு. அதுதான் மணி அடிப்பவர். தைராய்டு மந்தமானால் அது பலமாக மணி அடிக்கும். அந்த மணிதான் டி.எஸ்.எச். அதை ரத்தத்தில் அளக்கலாம். தைராய்டு மந்தமானவருக்கு டி.எஸ்.எச். கூடியிருக்கும். மாத்திரை அதிகமானால் டி.எஸ்.எச். மிகவும் குறைந்துவிடும்.

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவர் விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயில் ஏறுகிறார். பெங்களூரில் தையல் வேலை. இரவில்தான் வீடு திரும்புகிறார். எப்போதும் சோர்வு. ரயில் பயணத்தால் வந்த சோர்வு என்று நினைத்தார். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறை தெரிந்தது. டாக்டர் 50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார்.

6 வாரம் கழிந்தது. டி.எஸ்.எச். குறையவில்லை. டாக்டர் உடனே அளவைக் கூட்டவில்லை. "அம்மா, மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"காபியோடு சாப்பிடுகிறேன், டாக்டர். ரத்தசோகை மாத்திரையும் அப்போதுதான்."

தவறு அங்கேதான் இருந்தது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட வேண்டும். பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி, டீ, உணவு கூடாது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. காலையில் நேரமே இல்லாதவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து, தூங்கப் போகும்போது எடுக்க அவர் சொல்லலாம்.

அந்தத் தாய் பழக்கத்தை மாற்றினார். டி.எஸ்.எச். சரியானது. அளவைக் கூட்ட வேண்டிய தேவையே வரவில்லை.

மாத்திரை தீர்ந்தது. கடைக்குப் போனார். கடையில் புது டப்பா கொடுத்தார்கள். டாக்டர் சீட்டில் 50. டப்பாவில் 100. உடனே திருப்பிக் கொடுத்து 50 வாங்கினார். எழுத்துகள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. ஆனால் எண்ணைப் படிக்க அவருக்குத் தெரியும். அதுவே அவரைக் காப்பாற்றியது.

டப்பாவில் இரண்டு எண்கள் இருக்கலாம். ஒன்று மாத்திரையின் அளவு. மற்றொன்று டப்பாவில் எத்தனை மாத்திரை என்பது. எது எது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

அண்டை வீட்டாரின் அளவு உங்களுக்குப் பொருந்தாது. எடை, வயது, நோயின் தன்மை பார்த்து டாக்டர் முடிவு செய்வார். வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 25 அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்குவார்கள். அளவு கூடினால் நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். தூக்கம் வராது. நாளடைவில் எலும்பும் பலம் குறையும்.

"நேற்று முதல் சாப்பிடுகிறேன், இன்னும் சோர்வு போகவில்லை" என்று அவசரப்படாதீர்கள். இந்த மருந்து மெதுவாக வேலை செய்யும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் பரிசோதனை. அளவு நிலைத்த பிறகு, டாக்டர் சொல்லும்படி 6 மாதத்திற்கோ ஆண்டுக்கோ ஒரு முறை போதும்.

கர்ப்பம் என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. உடனே டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டிவரும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸின் தேவை.

உடம்பு நன்றாகிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். மாத்திரை டப்பாவை எடுங்கள். டாக்டர் சீட்டைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு எண்ணையும் படியுங்கள். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் பாட்டிக்கும் நீங்களே படித்துச் சொல்லுங்கள்.