பழமொழியின் இடத்தில் ஒரு சிரிப்பு



அலுவலகத்தில் கணக்கு உதைக்கிறது. வாங்கிய பணத்துக்கும் செலவுச் சீட்டுக்கும் ஒத்துவரவில்லை. யாரோ ஒருவர் மெதுவாக, இன்னொரு வாழைப்பழம் எங்கே என்று விசாரிக்கிறார். அறை முழுக்கச் சிரிப்பு. 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தில் அந்தப் பழத்துக்காகக் கவுண்டமணியும் செந்திலும் மல்லுக்கட்டிய காட்சி அது. அப்போது பிறந்தே இராதவர்களுக்கும் புரிகிறது. யாரையும் திருடன் என்று சொல்லாமலே, கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. முன்பு இந்த வேலையைப் பழமொழி செய்தது.

பட வசனம் பழமொழியாவதில் காதுக்குப் பெரிய பங்குண்டு. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் தருமி காட்சியைக் கல்யாண வீட்டு, கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளே ஊருக்கு மனப்பாடமாக்கின. வானொலியின் ஒலிச்சித்திரமும் துணை நின்றது. பிறகு வந்தவை தொலைக்காட்சியின் நகைச்சுவை அலைவரிசைகள், கைப்பேசி மீம்கள். 2001-இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்து காண்ட்ராக்டர் நேசமணி, 2019 மே மாதம் ட்விட்டரில் உலக அளவில் பேசப்பட்டார்.

நேசமணியாக நடித்த வடிவேலுவின் பாத்திரங்கள் வீறாப்பு பேசும், அடி வாங்கும், எழுந்து துணியைத் தட்டிக்கொண்டு நடக்கும். வேலை கிடைக்காத பிள்ளை தன் நிலைமையை அந்த முகத்தை அனுப்பியே நண்பனுக்குச் சொல்லிவிடுகிறான். அழுது சொல்லக் கூச்சப்படுவதைச் சிரித்துச் சொல்ல முடிகிறதே, அது சின்ன ஆறுதல் அல்ல.

ஆனால் அதே நகைச்சுவைதான் கருத்த நிறத்தையும் பருத்த உடலையும் வழுக்கையையும் திக்குவாயையும் கேலிப்பொருளாக்கியது. செந்தில் திரையில் வாங்கிய வசவுகள் பல அவருடைய உருவத்தைப் பற்றியவை. அவர் நடிகர், சம்பளமும் கைதட்டலும் பெற்றார். வகுப்பறையில் அதே வசவை வாங்கும் பிள்ளைக்கு அந்த இரண்டும் கிடையாது. சும்மா தமாஷுக்குத்தானே என்று நாம் சொல்லும்போது, அந்தப் பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தாக வேண்டியிருக்கிறது. சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு கேலி காத்திருக்கும். இதை நான் விளையாட்டாக நினைக்கவில்லை.

பெற்றோர்களையும் ஆசிரியர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில், வகுப்பில் எந்தப் பிள்ளைக்காவது நிறத்தையோ உடலையோ வைத்துப் படத்துப் பட்டப்பெயர் ஒட்டியிருந்தால், இன்றோடு அதை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளையைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.