கலகப் பாட்டும் எதிர்காலக் கதையும்



தோழரின் நினைவு நாளில் அறிவியல் புனைகதையைப் பற்றிப் பேச வேண்டுமா என்று நம்மில் சிலரே கேட்டோம். தலித் இலக்கியம் என்றால் தன்வரலாறு, வதை, சேரியின் நினைவு என்றுதான் நமக்குப் பழக்கம். பட்டதை எழுதினோம். அது தேவையாக இருந்தது. ஆனால் இன்னும் ஐம்பது ஆண்டில் வரப்போகும் உலகை எழுதும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டோம். அந்த உலகில் நாம் இருக்கிறோமா, இருந்தால் என்ன வேலை செய்கிறோம் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். அதனால்தான் ராக் இசையையும் எதிர்காலத்தையும் சேர்த்துச் சொன்ன இரண்டு கதைகளை இன்று எடுத்துக்கொண்டோம்.

முதலாவது, கனடாவின் ரஷ் குழு 1976இல் வெளியிட்ட '2112' இசைத்தட்டு. அதன் ஒரு பக்கம் முழுவதும் ஒரே கதை. வரப்போகும் அந்த நூற்றாண்டில் பூசாரிகள் கணினிகளை வைத்து உலகை ஆள்கிறார்கள். மக்கள் எதைப் படிப்பது, எதைக் கேட்பது என்பதெல்லாம் அவர்கள் கையில். ஒருவன் பழைய கிட்டார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். தானே வாசிக்கப் பழகி, மகிழ்ச்சியோடு பூசாரிகளிடம் கொண்டு போகிறான். அவர்கள் அதை நொறுக்குகிறார்கள். அவன் மனமுடைந்து இறந்துபோகிறான்.

கோயிலும் அறிவும் கருவியும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் கலகக்காரன் தனியாள் என்பதை. அவனுக்குத் தெரு இல்லை, கூடப் பாட ஆள் இல்லை. அந்த இசைத்தட்டு நன்றி சொல்வதும் தன்னலத்தைத் தத்துவமாக்கிய அயன் ராண்டுக்குத்தான்.

இரண்டாவது, கறுப்பினக் கலைஞர் ஜானெல் மோனேயின் 'டர்ட்டி கம்ப்யூட்டர்'. ராக், ஃபங்க், ராப் எல்லாம் கலந்த இசைத்தொகுப்பாகவும் படமாகவும் 2018இல் வந்தது. மோனேயின் தாய் துப்புரவுப் பணியாளர். தந்தை குப்பை லாரி ஓட்டியவர். சீருடை போட்டு வேலைக்குப் போன பெற்றோருக்கு மரியாதையாகவே மேடையில் கறுப்பு வெள்ளை உடுத்துவதாகச் சொன்னவர் அவர்.

அவருடைய கதையில் மனிதர்களைக் கணினி என்கிறார்கள். அதிகாரத்துக்கு ஒத்துவராதவர்கள் 'டர்ட்டி'. பிடித்துப் போய்ப் படுக்கவைத்து, நினைவுகளை ஒவ்வொன்றாக அழிக்கிறார்கள். அதற்குச் சுத்தம் செய்தல் என்று பெயர். படத்தில் வரும் பாடல்கள் அப்படி அழிக்கப்படும் நினைவுகளே.

'டர்ட்டி' என்பதை அழுக்கு என்று மொழிபெயர்த்தால் நமக்குப் போதாது. தீட்டு என்றால்தான் முழுதாகப் புரிகிறது. அழுக்கைக் கழுவிவிடலாம். தீட்டு பிறக்கும்போதே நம்மேல் ஒட்டப்பட்டது. இழிசொல்லையே தன் பெயராக எடுத்துக்கொள்ளும் துணிவும் நாம் அறிந்ததுதான்.

'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய உழைப்பு என்று பொருள். நம் ஊரில் அதை வெட்டி என்றோம். அந்த நாடகத்திலேயே ரோபோக்கள் கலகம் செய்கின்றன. வெட்டி வேலைக்காரர்களின் எழுச்சியை எழுத நம்மைவிட உரிமையுள்ளவர் யார்?

இது தூரத்துக் கதையும் அல்ல. சண்டிகரிலும் நாக்பூரிலும் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில், எங்கே நிற்கிறார்கள் என்று காட்டும் கடிகாரம் கட்டினார்கள். மனிதரை மலக்குழியில் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. அதன் பிறகும் செத்துக்கொண்டிருக்கிறோம். குழிக்குள் இறங்க வேண்டிய கருவி வந்து சேரத் தாமதமாகிறது. மேலே நிற்பவரை வேவு பார்க்கும் கருவி மட்டும் உடனே வந்துவிடுகிறது.

1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகள் முரசு அறைந்து கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் முரசு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அங்கே அடிக்காதே என்றார்கள். இங்கே சாவுக்கு அடி என்றார்கள். கருவி நம்முடையது, ஆணை அவர்களுடையது. பறையைக் கீழே வைத்தவர்களும் விடுதலைக் கருவியாகக் கையில் எடுத்தவர்களும் அந்த ஆணையைத்தான் மறுத்தார்கள். 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பறையும் கானாவும் மின்கிட்டாரும் ஒன்றாக ஒலித்தன. கிட்டாரோடு தனியே செத்தவனின் கதைக்கு அது ஒரு பதில்.

மாணவத் தோழர்களே, 2070இல் மலக்குழிக்குள் இறங்கப்போவது யார்? இயந்திரத்துக்குக் கட்டளை எழுதப்போவது யார்? ஊர் எல்லையில் அன்றைக்கு எந்தப் பாட்டு கேட்கும்? இவற்றை எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் உங்கள் கதைகளை இங்கே வாசிப்போம். தோழருக்கு நாம் செய்யும் நினைவு அதுவாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.