ஐயம் என்னும் நஞ்சு



காவிரியின் கிளையான அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததை நாம் அறிவோம். அந்தப் பிரெஞ்சுக் குடியரசின் தலைநகரில் 1894-ஆம் ஆண்டு ஆல்பிரட் டிரைபஸ் என்னும் படை அதிகாரி கைதானார். ஜெர்மனிக்கு இரகசியங்களை விற்றார் என்பது குற்றச்சாட்டு. காட்டப்பட்ட சான்று ஒரு கடிதத்தின் கையெழுத்து. ஆனால் அவர் யூதர் என்பதே பலருக்குப் போதிய சான்றாயிற்று. பலர் முன்னிலையில் பதவிச் சின்னங்களைப் பறித்து, வாளை முறித்து, அவரைத் தொலைதூரத் தீவுச் சிறைக்கு அனுப்பினர். 1896-இல் உண்மைக் குற்றவாளி எஸ்டர்ஹாசி எனக் கண்ட பிக்கார் என்னும் அதிகாரி வேறிடத்திற்கு மாற்றப்பட்டார். 1898-இல் அநீதியை எதிர்த்துத் திறந்த மடல் எழுதிய எமிலி சோலாவுக்கும் தண்டனை கிடைத்தது. டிரைபஸ் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தது 1906-இல்தான். அவரோ முதல் உலகப்போரில் அதே நாட்டுக்காக மீண்டும் பணியாற்றினார்.

அன்பர்களே, ஒருவன் செய்த செயலை மெய்ப்பிக்கலாம். அவன் நெஞ்சில் துரோகம் இல்லை என்பதை எப்படி மெய்ப்பிப்பது? வாய் மூடியிருந்தால் மறைக்கிறான் என்பர்; நாட்டை வாழ்த்தினால் நடிக்கிறான் என்பர். இந்த ஐயத்திற்கு எந்த விடையும் போதாது.

ஜெர்மனியில் 1916-இல், யூதர்கள் போர்முனைக்குச் செல்லாமல் ஒளிகிறார்கள் என்ற பழிச்சொல்லை நம்பி, படையிலிருந்த யூதர்களை மட்டும் தனியே கணக்கெடுத்தனர். போர் முடியும்வரை அதன் முடிவை வெளியிடவில்லை. அப்போரில் ஜெர்மனிக்காக மாண்ட யூதர் ஏறத்தாழ 12,000 பேர். ஆயினும், தோல்விக்குக் காரணம் முதுகில் குத்திய யூதரே என்ற பொய் பரவிற்று. 1935-இல் அவர்களின் குடியுரிமை பறிபோயிற்று. பின்னர் ஐரோப்பாவெங்கும் அறுபது இலட்சம் பேரின் உயிரும் பறிபோயிற்று.

நம் தென்னாட்டு மரபு வேறொன்றையும் காட்டுகிறது. 849-ஆம் ஆண்டுக் கொல்லம் செப்பேடு, கிறித்தவத் தேவாலயம் ஒன்றுக்கு அளித்த கொடையைச் சொல்வது. அதன் சாட்சிகளுள் சிலர் எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டுள்ளனர். அயலிலிருந்து வந்தவர் சொல்லும் நம்பத்தக்கதே என்று கருதியவர்கள் அன்று இங்கே இருந்தனர்.

இது நமக்கு அயல்நாட்டுக் கதையன்று. தஞ்சை, திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து சென்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோரின் மரபினரை, இந்த மண்ணில் வேரில்லாதவர் என்றே அங்கும் ஐயுற்றனர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என இரு அரசுகள் அவர்களைப் பங்கிட்டன. எஞ்சியோரின் சிக்கல் தீர 2003 வரை ஆயிற்று.

அந்த வலியை அறிந்த நாம், அதே சொல்லைப் பிறர்மீது வீசலாமா? இஸ்ரேல் அரசின் செயலைக் கண்டிக்க எவர்க்கும் உரிமையுண்டு, அதற்காக வேற்று நாட்டில் வாழும் யூதரிடம், "உன் பற்று எந்த நாட்டின்மேல்?" என்று கேட்பது கண்டனமன்று, பழைய நஞ்சே. நம் ஊரில் அண்டை வீட்டுக்காரரின் சமயத்தைப் பார்த்து அவர் நாட்டுப்பற்றை அளப்பதும் அதுவே.

செயலைக் கண்டு தீர்ப்பளிப்போம். பிறப்பைக் கண்டு அன்று.