லாயத்தில் கற்ற பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஓய்வு பெற்ற பிறகு மதுக்கரைத் தோட்டத்துல குதிரை வளர்க்கறியாமே, அதைப் பத்தியே பேசு" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். இவ்வளவு பெரிய சபையில் குதிரைக் கொட்டிலைப் பற்றிப் பேசுவதா என்று முதலில் தயங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்தக் கல்லூரிக்கு நான் கட்டிய சம்பளம் ஒரு குதிரை இழுத்துச் சம்பாதித்த பணம். அந்தக் குதிரைக்கு நான் கெடுதல் செய்ததும் இங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான். அதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் எனக்கு ஏது?

என் தகப்பனார் போத்தனூர் ரயில் நிலையத்தில் ஜட்கா வண்டி ஓட்டினார். லட்சுமி என்று ஒரு செவலைப் பெட்டைக்குதிரை. அவளுக்குத் தோட்டத்துச் சாளையை ஒட்டி ஒரு கொட்டில். மூன்று பக்கமும் இடுப்புக்கு மேல் வரை மண்சுவர். அதற்கு மேலே கூரை வரைக்கும் திறப்புதான். எங்கள் மதுக்கரைக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வாசற்படி போல இருக்கிற ஊர். ஆனியில் மேற்கிலிருந்து அடிக்கும், மார்கழியில் கிழக்கிலிருந்து திரும்பி அடிக்கும்.

1975ஆம் வருடம் மார்கழி மாதம். அரையாண்டு விடுமுறைக்கு விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனேன். விடியற்காலைப் பனியில் லட்சுமி மயிர் சிலிர்த்து நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏனுங்கப்பா, வாயில்லா ஜீவனை இப்பிடிக் குளிர்ல நிறுத்தி வெச்சிருக்கீங்களே?" என்று சண்டை பிடித்தேன். கூரை வரை தார்ப்பாயும் சாக்கும் வைத்து அடைக்கச் சொன்னேன். தினமும் ஈர வைக்கோலை வாரிப் போடாமல் அதன் மேலேயே புது வைக்கோலைப் போட்டால் மெத்தை மாதிரி கதகதப்பாக இருக்கும் என்றேன். நாற்றத்துக்கு நீற்றின சுண்ணாம்பு, கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு வழி சொன்னேன்.

அப்பா ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். "நீ படிச்ச பையன் கண்ணு, சொன்னாச் செரியாத்தான் இருக்கும்" என்றார்.

மூன்று வாரத்தில் லட்சுமிக்கு இருமல் பிடித்தது. மூக்கில் சளி ஒழுகியது. மேட்டில் வண்டி ஏறினால் விலா எலும்பு விம்மி விம்மி மூச்சு வாங்கினாள். கால்நடை மருத்துவர் ஒருவர் வந்தார். மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. நேராகக் கொட்டிலுக்குள் போய்த் தரையில் மண்டியிட்டார். என்னையும் கூப்பிட்டார். "தம்பி, குதிரை மூஞ்சி இருக்கிற உசரத்துல உன் மூஞ்சிய வெச்சு ரெண்டு நிமிஷம் மூச்சு விடு பாக்கலாம்."

இரண்டு நிமிஷம் தாங்கவில்லை. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. நின்றுகொண்டிருந்த வரைக்கும் எனக்கு அது தெரியவே இல்லை!

அன்று அவர் சொன்னதையும், பிற்காலத்தில் நானாகக் குதிரை வைத்துத் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, குளிர். நல்ல தீனி தின்கிற, நோயில்லாத குதிரை 5 டிகிரி வரைக்கும் சிரமமில்லாமல் தாங்கும். நம் கோவையில் மார்கழி, தை இரவுகள் 18 டிகிரி அளவில்தான் நிற்கின்றன. மயிர் சிலிர்ப்பதே அதன் கம்பளி. குளிர் அதிகம் என்றால் உலர்புல்லைக் கூடுதலாகப் போட வேண்டும். நார்த்தீனி குடலில் செரிக்கும்போதே உடம்புச் சூடு பிறக்கிறது. கொள்ளை அள்ளிப் போட்டால் வயிற்றுவலிதான் வரும்.

இரண்டாவது, ஈரம். 400 கிலோ எடையுள்ள ஒரு குதிரை ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோ லத்தி போடும். 5 முதல் 10 லிட்டர் மூத்திரம் பெய்யும். மூத்திரத்திலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா கிளம்புகிறது. நான் தார்ப்பாய் கட்டி அதற்குப் போக வழியில்லாமல் செய்துவிட்டேன். மூட்டத்துப் புகையும் உள்ளேயே நின்றது. அது போதாதென்று சுண்ணாம்பு வேறு. காரம் ஏற ஏற அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும் என்பதை வேதியியல் வகுப்பில் படித்துத் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். கொட்டிலில் நிற்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. மதுக்கரையில் பிறந்தவனுக்குச் சுண்ணாம்பைப் பற்றித் தெரியவில்லை என்றால் எங்கே போய்ச் சொல்வது?

மூன்றாவது, தூக்கம். குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது உண்மை. ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். நாளைக்கு அரை மணி நேரமாவது படுக்க வேண்டும். தரை ஈரமாக இருந்தால் நாள் கணக்கில் படுக்காமலே நிற்கும். கடைசியில் தூக்கத்தில் முழங்கால் மடங்கிக் கீழே விழும். ஈரத்தில் நின்றால் குளம்பும் அழுகும்.

ஆகவே கொட்டில் வேலையைப் புரட்டாசியிலேயே தொடங்கிவிடுங்கள். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். பனி அதற்குப் பிறகுதான். குதிரையை வெளியே கட்டிவிட்டுப் பழைய படுக்கையைத் தரை தெரியச் சுரண்டி எடுங்கள். மூத்திரம் தேங்கிய குழிகளில் செம்மண்ணும் சரளையும் போட்டு இடித்துக் கெட்டி செய்யுங்கள். தரை ஒரு பக்கமாக லேசாகச் சாய்ந்து, வெளியே வாய்க்காலில் முடிய வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது நல்லது. நன்றாகக் காய்ந்த பிறகே குதிரையை உள்ளே விட வேண்டும். ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி இடம் தேவை. காற்று அடிக்கும் பக்கம் குதிரையின் முதுகு உயரத்துக்கு மறைப்புப் போதும். அதற்கு மேலே திறந்தே இருக்கட்டும்.

இனி, படுக்கை. வைக்கோல் மலிவு, கதகதப்பு. ஆனால் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோல் நுரையீரலுக்கு எமன். குதிரை அதைத் தின்னவும் செய்யும். உமி மெல்லியது, கண்ணிலும் மூக்கிலும் ஏறும். கடலைத் தோலிலும் பூசணம் சீக்கிரம் பிடிக்கும். மணலில் தண்ணீர் வடியும். ஆனால் மழைக்காலத்தில் சில்லிட்டுப் போகும், தீனியோடு வயிற்றுக்குள் போனால் அடைத்துக்கொண்டு வலி வரும். தச்சுப்பட்டறை இழைப்புளிச் சீவல் நல்ல படுக்கைதான். பிளைவுட், பாலிஷ் கலந்ததை மட்டும் வாங்காதீர்கள்.

நான் இப்போது பயன்படுத்துவது பொள்ளாச்சித் தேங்காய் நார்த்தூள். ஒரு காலத்தில் கயிறு ஆலைகளுக்குப் பக்கத்தில் மலைமலையாகக் குவிந்து கிடந்த கழிவு. இன்று கட்டிகளாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். உப்புப் போகக் கழுவிக் காயவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். ரொம்பவும் காய்ந்தால் தூசி பறக்கும், லேசாகத் தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும். அரை அடி உயரத்துக்குப் பரப்பி, லத்தியைக் காலையும் மாலையும் அள்ளி, நனைந்த இடத்தை அன்றன்றே மாற்ற வேண்டும். எந்தப் படுக்கை போட்டாலும் இந்த வேலை மட்டும் தப்பாது. அள்ளியதைக் குப்பைக்குழியில் மக்கவிட்டால் தென்னைக்கு நல்ல எரு.

நண்பர்களே, குதிரையை வாங்கத் தெரிந்து வைத்துக்கொள்ளத் தெரியாத கதை நமக்குப் புதிதல்ல. 1290களில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் கடல் கடந்து வரவழைத்தும், வருட முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்த ஆளில்லை என்று எழுதி வைத்தார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாச் சந்தையில் கத்தியவாரிக் குதிரைகளையும் மார்வாரிக் குதிரைகளையும் ஆசையாக விலை பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். ஆடியில் வாங்குகிறவருக்கு ஐப்பசி மழைக்கு மூன்றே மாதம்தான் இருக்கிறது.

லட்சுமி பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த மூச்சு பழையபடி திரும்பவே இல்லை. அப்பா பாதிச் சவாரிதான் ஏற்றினார். அடுத்த வருஷம் வண்டியை விற்றுவிட்டு, மில்லில் காவல் வேலைக்குப் போனார். என் மூன்றாம் வருடச் சம்பளம் கடன் வாங்கிக் கட்டியது. லட்சுமியை மட்டும் விற்கவில்லை. ஆறு வருஷம் தோட்டத்தில் சும்மா நின்று, அங்கேயே கண்மூடினாள்.

அப்பா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பல வருஷம் கழித்து நானாகக் கேட்டேன்: "அந்தத் தார்ப்பாய் வேண்டாம்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களாப்பா?" அவர் சொன்னார்: "மேல தொறந்து வெக்கோணும்னு எங்கப்பாரு சொல்லுவாரு. ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல கண்ணு. உனக்கோ பேசத் தெரிஞ்சுது."

மாணவச் செல்வங்களே, இங்கிருந்து பட்டம் வாங்கிக்கொண்டு போகும்போது உங்கள் பேச்சுக்கும் வீட்டில் அந்த மரியாதை கிடைக்கும். காரணம் சொல்லத் தெரியாத பெரியவர்கள் உங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அப்போது ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

என் கொட்டிலில் இப்போதும் ஐப்பசி பிறந்தால் தினமும் காலையில் மண்டியிட்டு இரண்டு நிமிஷம் மூச்சு விட்டுப் பார்க்கிறேன். எழுபது வயதில் முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. பரவாயில்லை.