கை கழுவுங்கள், கைகழுவி விடாதீர்கள்!



கைகழுவுதல் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அழுக்கைப் போக்குவது ஒன்று. பொறுப்பை உதறுவது மற்றொன்று. முதற்பொருளை மறந்து இரண்டாம் பொருளைப் பற்றிக்கொண்ட மருத்துவமனையிலே தொட்டில்கள் காலியாகின்றன. அதைப்பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

குறைமாதக் குழந்தை! கையளவு உடல், காகிதம் போன்ற தோல். தாயின் குருதியிலிருந்து நோயை எதிர்க்கும் ஆற்றல் பெருமளவு சேய்க்குச் செல்வது கருவின் கடைசி மாதங்களிலேதான். அதற்கு முன்னரே பிறந்துவிட்ட பிஞ்சு, கேடயமின்றிக் களம் புகுந்த வீரன்! அதனைக் காக்க மூச்சுக்கு ஒரு குழாய், உணவுக்கு ஒரு குழாய், மருந்துக்கு ஒரு குழாய். தூய்மை தவறினாலோ, உயிரூட்டும் அதே குழாய் வழியே கிருமியும் நுழைகிறது. பிணி தீர்க்கும் இடமே பிணி கொடுக்கும் இடமாகிறது!

"விதி" என்பார்கள். விதியா? வியன்னா நகர் பொது மருத்துவமனையைப் பாருங்கள். 1846-ஆம் ஆண்டில், மருத்துவர்கள் பார்த்த பேற்றுப் பிரிவில் 100-க்கு 11 தாய்மார் மாண்டனர். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவிலே 100-க்கு 3-க்கும் குறைவு. ஒரே ஊர், ஒரே மருத்துவமனை, விதி மட்டும் இரண்டா? பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தனர் மருத்துவர்கள் என்பதைக் கண்டறிந்தார் செம்மல்வைஸ். 1847-இல், குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். அடுத்த ஆண்டு, அதே பிரிவில் மாண்டோர் 100-க்கு 2 பேர்கூட இல்லை! விதி தண்ணீரில் கரைந்ததா, தோழர்களே? கரைந்தது கையிலிருந்த நஞ்சு!

அன்று தாய்க்கு நேர்ந்தது இன்று சேய்க்கு நேர்கிறது. எங்கோ அல்ல, இந்தியத் தலைநகரிலே! 2011 முதல் 2014 வரை, டில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில், அங்கேயே பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளை ஆய்ந்தனர். ஏறத்தாழ ஏழில் ஒரு குழந்தைக்குச் செப்சிஸ் என்னும் கடுந்தொற்று! மாண்ட குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்று அதனால் மாண்டது. முதலிடத்தில் நின்ற அசினெட்டோபாக்டர் என்னும் கிருமியிலே, 100-க்கு 82 பல மருந்துகளுக்கும் பணியாதவை. மருந்து தோற்கும் நாளிலே, தடுப்பதன்றி வேறு வழி ஏது?

செவிலியரைக் குற்றம் சாட்டுவோர் உண்டு. நான் கேட்கிறேன்: ஒருத்தியிடம் பத்துத் தொட்டில்களை ஒப்படைத்துவிட்டு, தொட்டிலுக்குத் தொட்டில் கை கழுவு என்றால், நேரத்தை அவள் எங்கே வாங்குவாள்? ஒரு தொட்டிலில் இரு குழந்தைகளைக் கிடத்தினால், கிருமிக்குப் பாலம் அமைத்தவர் யார்? குழாயில் நீர் வராவிட்டால், குற்றம் கையினுடையதா, கோட்டையினுடையதா?

மற்றொரு காவலும் உண்டு. அது தாயின் மார்பு! இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்து, 2021-இல் வெளிவந்த ஆய்வு அதை மெய்ப்பித்தது. எடை குறைந்த குழந்தைகளுக்கு வழக்கமான முறையில் சிகிச்சை தந்தபோது, 28 நாட்களுக்குள் 100-க்கு ஏறத்தாழ 16 மாண்டன; பிறந்தவுடனே தாயின் மார்போடு அணைத்து வைத்தபோதோ 12. கிருமித் தொற்றும் குறைந்தது. ஆயினும், தாயை வெளித் திண்ணையிலே காக்க வைக்கும் கதவுகள் இன்னும் எத்தனை!

ஆகவே கேளுங்கள்! மன்றத்திலே கேளுங்கள், மாமன்றத்திலே கேளுங்கள். தொட்டில்தோறும் கைத்தூய்மைக்கு வழி எங்கே? போதிய செவிலியர் எங்கே? தாய்க்கு உள்ளே இடம் எங்கே? மருத்துவமனையில் தொற்றிய நோயின் கணக்கை மாதந்தோறும் மக்கள் முன் வைக்கும் துணிவு எங்கே?

வாக்குரிமை இல்லாத குடிமகன் அந்தப் பச்சிளங் குழந்தை. அவனுக்காகக் குரல் கொடுக்க நம்மை விட்டால் யார்? மருத்துவர் கை கழுவட்டும். ஆட்சியோ கைகழுவி விடாதிருக்கட்டும்!